வேலி தெரியாத நிலம்: மென்பொருள் காப்புரிமை பற்றி ஒரு முதலீட்டாளரின் கருத்துகள்

2006-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், கனடா நாட்டின் ‘ரிசர்ச் இன் மோஷன்’ நிறுவனம் அமெரிக்காவின் ‘என்.டி.பி.’ என்னும் நிறுவனத்திற்கு 61 கோடியே 25 இலட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்த நிறுவனம் ‘பிளாக்பெர்ரி’ என்ற கைப்பேசியைச் செய்து விற்றுவந்தது. பணம் பெற்ற நிறுவனமோ எந்தக் கருவியையும் செய்யவில்லை, எதையும் விற்கவுமில்லை. மின்னஞ்சலைக் கம்பியில்லா முறையில் அனுப்புவது பற்றிய சில காப்புரிமைகள் மட்டுமே அதன் கையில் இருந்தன. அவற்றில் பல செல்லத்தக்கவை அல்ல என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே மறு ஆய்வில் கூறத் தொடங்கியிருந்தது. ஆயினும், நீதிமன்றம் தடையாணை பிறப்பித்துவிட்டால் இலட்சக்கணக்கான மக்களின் கருவிகள் ஒரே நாளில் ஊமையாகிவிடும். அந்த அச்சத்தின் விலைதான் 61 கோடி டாலர்.

அதே மார்ச் மாதத்தில் ‘மென்பொருள் காப்புரிமைகள் தீயவையா?’ என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பால் கிரகாம் என்னும் அமெரிக்க முதலீட்டாளர். கணிப்பொறித் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் பலர் அதைப் படித்தார்கள். அதன்படி நடக்கவும் செய்தார்கள். அவர் கூறியவற்றில் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின் சீர்தூக்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில், இன்று கல்லூரியில் நிரல் எழுதப் பழகும் மாணவர் ஒவ்வொருவரும் நாளை இந்தக் கேள்வியைச் சந்திக்கக்கூடும்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

முதலில் காப்புரிமை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது ஒரு பரிசு அன்று. சமுதாயத்திற்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையே நடக்கும் ஒப்பந்தம். ‘உன் கண்டுபிடிப்பின் இரகசியத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதிக் கொடு. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம்வரை உன் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை உனக்குத் தருகிறோம்’ என்று அரசு கூறுகிறது. இன்று பெரும்பாலான நாடுகளில் அந்தக் காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். 1474-இல் வெனிஸ் நகர அரசு இயற்றிய சட்டமே இவ்வகைச் சட்டங்களுக்கு முன்னோடி. அது பத்து ஆண்டுக் காலப் பாதுகாப்பை வழங்கியது.

இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் சேம்பர்லென் என்ற மருத்துவக் குடும்பத்தின் கதை இதற்குச் சான்று. கடினமான பிரசவங்களில் குழந்தையின் தலையைப் பற்றி மெல்ல வெளிக்கொணரும் இடுக்கியை அக்குடும்பத்தார் 17-ஆம் நூற்றாண்டில் உருவாக்கினர். ஆனால், அதை வெளியுலகுக்குக் காட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக, நூறாண்டுகளுக்கும் மேலாக, அது குடும்ப இரகசியமாகவே இருந்தது. அக்குடும்பத்தினர் வாழ்ந்த வீட்டின் தரைப் பலகைகளுக்கு அடியிலிருந்து அவர்களுடைய கருவிகள் 1813-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அந்த இரகசியத்தின் காலத்தில் எத்தனை தாய்மார்கள் உயிரிழந்தனரோ! கிரகாம் தம் கட்டுரையில் காப்புரிமையை முற்றாக வெறுக்காததற்கு இதுவே காரணம். காப்புரிமைக்கு மாற்று சுதந்தரம் அன்று, இரகசியம்தான் என்பது அவர் கருத்து.

யார் இந்தக் கிரகாம்?

ஒருவர் கூறும் கருத்தை எடைபோட, அவர் எங்கு நின்று பேசுகிறார் என்று அறிவது நன்று. கிரகாம் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். லிஸ்ப் என்னும் நிரல் மொழியில் வல்லவர். 1995-இல் நண்பர்களுடன் ‘வயாவெப்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகர்கள் இணையத்தில் தாங்களே கடை அமைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் அது. 1998-இல் யாகூ நிறுவனம் சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. 2005-இல் அவரும் நண்பர்களும் ‘ஒய் காம்பினேட்டர்’ என்ற முதலீட்டு நிறுவனத்தை நிறுவினர். ‘ஸ்டார்ட்-அப்’ எனப்படும் இளம் நிறுவனங்களுக்குச் சிறு தொகையும் அறிவுரையும் தந்து, ஈடாகச் சிறு பங்கைப் பெறுவது அதன் முறை. ரெடிட், டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி ஆகியவை அங்கு உருவானவை.

ஆகவே, அவர் வெறும் ஏட்டறிவால் பேசுபவர் அல்லர். தாமே நிரல் எழுதியவர், நிறுவனத்தை விற்றவர், பல நிறுவனங்களின் பிறப்பையும் இறப்பையும் அருகிலிருந்து பார்த்தவர். அதே வேளையில், அவர் ஒரு முதலீட்டாளர். நூறு விதை தூவி, அவற்றுள் இரண்டு மரமானால் போதும் என்று எண்ணுவது அத்தொழிலின் இயல்பு. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் கூறுவன

அவருடைய வாதத்தை நான்கு கூறுகளாகச் சுருக்கலாம்.

முதலாவது, மென்பொருளுக்கு மட்டும் காப்புரிமை கூடாது என்று வாதிடுவது பொருந்தாது. முன்பு நெம்புகோலும் பற்சக்கரமும் செய்த வேலையை இன்று நிரல் செய்கிறது. பற்சக்கரத்திற்குக் காப்புரிமை தரலாம், அதே வேலையைச் செய்யும் நிரலுக்குத் தரலாகாது என்பது எப்படி நியாயமாகும்? எதிர்ப்பதானால் காப்புரிமை முழுவதையும் எதிர்க்க வேண்டும்.

இரண்டாவது, உண்மையான குறை, தகுதியற்ற காப்புரிமைகளை அலுவலகம் வழங்குவதுதான்.

மூன்றாவது, மென்பொருள் தொழிலில் காப்புரிமைகளின் பங்கு எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியது. இளம் நிறுவனங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவர் வழக்குப் போடுவது பணத்திற்காக, அல்லது போட்டியை ஒழிப்பதற்காக. இளம் நிறுவனத்திடம் பணம் இல்லை. பெரிய போட்டியாளர்களும் பெரும்பாலும் வழக்கிடுவதில்லை.

நான்காவது, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது தவறன்று. அதை ஆயுதமாக எடுத்துப் பிறரைத் தாக்குவதே தவறு. அவ்வாறு தாக்கும் நிறுவனத்தைத் திறமையான நிரலாளர்கள் வெறுப்பார்கள். அந்த அச்சமே பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.

எவை சரி?

முதற்கூற்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கிரகாமின் கூற்றில் உள்ள வலிமை புலப்படும். 1972-இல், பதின்ம எண்களைக் குறிக்கும் ஒரு குறியீட்டை இரும எண்ணாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று அந்நீதிமன்றம் கூறியது. அது வெறும் கணக்கு என்பது காரணம். 1981-இல் வேறொரு வழக்கு வந்தது. அது ரப்பரை அச்சிலிட்டுச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை. அச்சின் உள்வெப்பத்தைக் கணிப்பொறி இடைவிடாமல் அளந்து, அர்ரீனியஸ் சமன்பாட்டைக் கொண்டு ரப்பர் பதமாகும் நேரத்தைக் கணக்கிட்டு, உரிய நொடியில் அச்சைத் திறந்துவிடும். இதற்குக் காப்புரிமை வழங்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் கூறினர், நால்வர் மறுத்தனர். வெறும் கணக்கு எங்கே முடிகிறது, பொறி எங்கே தொடங்குகிறது என்பதில் நீதிபதிகளிடையே கூட ஒருமைப்பாடு இல்லை. இயந்திரத்தின் மூளை உலோகத்திலிருந்து நிரலுக்கு மாறிவருகிறது என்ற கிரகாமின் பார்வை சரியே. மோட்டார் வண்டியில் கார்புரேட்டர் செய்த வேலையை இன்று எரிபொருளை அளந்து செலுத்தும் சிறு கணிப்பொறி செய்வதை நாம் காண்கிறோமே!

நான்காவது கூற்றுக்கும் ஆதரவு உண்டு. ‘அமேசான்’ நிறுவனம் ஒரே சொடுக்கில் பொருளை வாங்கும் முறைக்கு 1999 செப்டம்பரில் காப்புரிமை பெற்றது. அடுத்த மாதமே ‘பார்ன்ஸ் அண்ட் நோபிள்’ என்ற புத்தக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. டிசம்பரில், விழாக்கால விற்பனையின் நடுவே, தடையாணையும் பெற்றது. அதிலிருந்து தப்பப் போட்டியாளர் செய்தது என்ன தெரியுமா? வாடிக்கையாளர் இன்னொரு முறை சொடுக்குமாறு மாற்றியமைத்ததுதான்! 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணையை நீக்கியது. 2002-இல் இரு தரப்பினரும் சமரசம் செய்துகொண்டனர். எனினும், நிரலாளர்களிடையே அமேசானுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் நெடுநாள் நீடித்தது.

யாகூவின் கதை இதைவிடப் பொருத்தமானது. கிரகாமின் நிறுவனத்தை வாங்கிய அதே யாகூ, 2012 மார்ச்சில் பத்துக் காப்புரிமைகளைக் காட்டி ‘ஃபேஸ்புக்’கின்மீது வழக்குத் தொடுத்தது. ஃபேஸ்புக் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க ஆயத்தமாக இருந்த வேளை அது. அடுத்த மாதமே ஃபேஸ்புக் எதிர்வழக்குப் போட்டது. சூலையில் சமரசம் ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் யாகூவின் பழைய நிரலாளர்களே வெளிப்படையாகத் தங்கள் வெட்கத்தை எழுதினர். தற்காப்புக்கு என்று கூறித் தங்களிடம் எழுதி வாங்கிய காப்புரிமைகள் தாக்குதலுக்குப் பயன்பட்டன என்பது அவர்கள் மனக்குறை. வெல்லும் ஆற்றலை இழந்த நிறுவனமே வழக்கறிஞர்களைத் தேடுகிறது என்ற கிரகாமின் எண்ணத்திற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பற்றுவரவுக் கணக்கரின் தாளையே கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்த ‘விசிகால்க்’ நிரலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய அந்நிரலுக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அதற்குப் பின்வந்த பலர் அக்கருத்தை எடுத்து வளர்த்தனர். தொழில் பெருகியது. தொடக்க நாட்களிலேயே எல்லாவற்றுக்கும் காப்புரிமை எடுத்திருந்தால் மென்பொருள் தொழில் இன்று அசையாமல் நின்றிருக்கும் என்ற பொருளில் மைக்ரோசாப்டின் பில் கேட்ஸே 1991-இல் ஓர் உள்சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்.

எங்கே பிழை?

இனி, நாம் கிரகாமிடமிருந்து மாறுபட வேண்டிய இடத்திற்கு வருவோம். பற்சக்கரமும் நிரலும் ஒன்றே என்றார் அவர். செய்யும் வேலையில் ஒன்றுதான். ஆனால், காப்புரிமை என்பது ஒரு வேலி. வேலியைப் பற்றி நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தப் பொருளால் ஆனது என்பதன்று. அது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே.

ஜேம்ஸ் வாட்டின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை விளக்கும். நீராவி எந்திரத்தின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்ற வேண்டும். அப்போதுதான் அதைக் கொண்டு ஆலைகளை ஓட்ட முடியும். இதற்கு எளிய வழி, வளைதண்டு. கால்மிதித் தையல் எந்திரத்தில் நாம் காண்கிறோமே, அதே அமைப்புதான். ஆனால், 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் நீராவி எந்திரத்தில் வளைதண்டைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். வாட் என்ன செய்தார்? அழுது கொண்டிருக்கவில்லை. வேலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தொடாமல் சுற்றிச் செல்ல ஐந்து வேறு வழிகளை வகுத்து, 1781-இல் தாமே காப்புரிமை பெற்றார். அவற்றுள் ஒன்று, ஒரு பற்சக்கரத்தைச் சுற்றி மற்றொரு பற்சக்கரம் கதிரவனைச் சுற்றும் கோள்போல் செல்லும் அமைப்பு. அவருடைய எந்திரங்கள் பல ஆண்டுகள் அதைக்கொண்டே சுழன்றன. பிக்கார்டின் வேலி வாட்டுக்குத் தொல்லை தந்தது உண்மை. ஆனால், அது ஒரு புதிய அமைப்பையும் உலகுக்குத் தந்தது.

இப்போது மென்பொருளில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஒரு புத்தகத்தில் ‘திருவனந்தபுரம்’ என்ற சொல் நூறு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் முழுச் சொல்லையும் எழுதாமல், முதல்முறை வரும்போது அதற்கு 7 என்று எண் கொடுத்துவிட்டு, பிறகு 7 என்று மட்டும் எழுதினால் இடம் மிச்சமாகும் அல்லவா? செய்திகளை இவ்வாறு சுருக்கும் முறைகளை ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் சிவ் என்னும் இரு இஸ்ரேலிய அறிஞர்கள் 1977, 1978-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். டெரி வெல்ச் என்பவர் அதை மேம்படுத்தி 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அறிவியல் இதழில் எல்லாரும் படிக்கும்படி வெளிவந்தது. அம்முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டிருந்த செய்தி அக்கட்டுரையில் இல்லை. 1985 டிசம்பரில் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

1987-இல் ‘கம்ப்யூசர்வ்’ நிறுவனத்தார் இம்முறையைக் கொண்டு ‘ஜிஃப்’ என்ற பட வடிவத்தை அமைத்தனர். உலகெங்கும் அது பரவியது. ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் அதைத் தங்கள் நிரல்களில் சேர்த்தனர். ஏழாண்டுகள் கழித்து, 1994 டிசம்பர் இறுதியில், காப்புரிமையின் உரிமையாளரான ‘யுனிசிஸ்’ நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. வெட்டவெளி என்று நினைத்து வீடு கட்டிக் குடியேறிய பின், இது என் வயல் என்று ஒருவர் பத்திரத்தோடு வந்து நின்ற கதை இது. அதன் பிறகு நிரலாளர்கள் வாட்டைப் போலவே செய்தனர். வேலியைத் தொடாத ‘பி.என்.ஜி.’ என்ற புதிய பட வடிவத்தை 1995-இல் வகுத்தனர். இன்றும் நம் திரைகளில் அது வழங்கிவருகிறது. ஆனால், வாட் வேலியைப் பார்த்த பின் வழியைத் தேர்ந்தார். இவர்கள் வேலியில் மோதி விழுந்த பின்னரே அதைக் கண்டனர்.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. ஒரு புதிய மருந்துக்குக் காப்புரிமை எடுப்பவர் அதன் மூலக்கூறு அமைப்பை வரைந்து காட்டுகிறார். அணுக்களின் பிணைப்பைப் பார்த்து, ‘இது அதுதான், இது அதுவன்று’ என்று எந்த வேதியியலாரும் சொல்லிவிடுவார். மென்பொருள் காப்புரிமையோ சொற்களால் எழுதப்படுகிறது. ‘பயனாளரிடமிருந்து தகவல் பெறும் அமைப்பு’, ‘வலையமைப்பு வழியே செய்தி அனுப்பும் முறை’ என்பன போன்ற சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதை நீதிபதி தீர்ப்பளிக்கும்வரை யாரும் அறிய முடியாது. அமெரிக்க ஆய்வாளர்களான ஜேம்ஸ் பெஸ்ஸன், மைக்கேல் மியூரர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட நூலில் இதைப் புள்ளிவிவரங்களோடு காட்டியுள்ளனர். மருந்து, வேதியியல் துறைகளில் காப்புரிமை நிறுவனங்களுக்குத் தரும் பயன் வழக்குச் செலவைவிட மிகுதி. ஏனைய துறைகளில் 1990-களின் இறுதியில் வழக்குச் செலவே பயனை விஞ்சிவிட்டது என்பது அவர்கள் முடிவு. எல்லை தெளிவாக இல்லாததே இதற்கு முதற்காரணம் என்றும், மென்பொருளில் இக்குறை மிகுதி என்றும் அவர்கள் கூறினர்.

எனவே, ‘மென்பொருள் காப்புரிமையை எதிர்த்தால் எல்லாக் காப்புரிமையையும் எதிர்க்க வேண்டும்’ என்னும் கிரகாமின் கூற்று தருக்கத்தில் அழகானது, நடைமுறையில் பொருந்தாதது. பற்சக்கரத்தை ஏற்றுக்கொண்டு நிரலை மறுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. ஒன்றின் எல்லை தெரிகிறது. மற்றதன் எல்லை தெரிவதில்லை.

ஏழையிடம் வழக்கு வராதா?

மூன்றாவது கூற்றே மிகுந்த கவனத்திற்குரியது. ஏனெனில், இளைஞர்கள் அதை நம்பி நடந்தனர். பணமில்லாதவன்மீது யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்பது பார்வைக்குச் சரியான கணக்கு. ஆனால், வழக்குப் போடாமலே வழக்கின் அச்சத்தை மட்டும் விற்க முடியும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

என்.டி.பி. போலப் பொருள் எதையும் செய்யாமல், காப்புரிமைகளை வைத்துக்கொண்டு பணம் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களை அமெரிக்காவில் ‘டிரால்’ என்று ஏளனமாக அழைக்கின்றனர். வட ஐரோப்பியக் கதைகளில் பாலத்தடியில் பதுங்கியிருந்து வழிப்போக்கரை மறிக்கும் பூதத்தின் பெயர் அது. 2011 மே மாதத்தில் ‘லாட்சிஸ்’ என்ற நிறுவனம், ஆப்பிள் கைப்பேசிக்குச் சிறு நிரல்கள் எழுதும் தனியாட்களுக்குக் கடிதங்கள் அனுப்பியது. நிரலுக்குள்ளேயே மேம்பட்ட வடிவத்தை வாங்கும் வசதி தன் காப்புரிமைக்கு உட்பட்டது என்றும், அமெரிக்க வருவாயில் 0.575 விழுக்காடு தர வேண்டும் என்றும் கேட்டது. அந்த வசதியை அமைத்துத் தந்தது ஆப்பிள் நிறுவனம். ஆப்பிளோ அக்காப்புரிமைக்கு முன்பே உரிமம் பெற்றிருந்தது. தன் உரிமம் நிரலாளர்களையும் காக்கும் என்று ஆப்பிள் அறிவித்தும், அம்மாத இறுதியில் சிலர்மீது வழக்குப் பதிவாயிற்று.

இதிலுள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். கேட்ட தொகை மிகச் சிறியது. ஆண்டுக்கு 50,000 டாலர் ஈட்டும் ஒருவர் தர வேண்டியது 287 டாலர் 50 சென்ட் மட்டுமே. ஆனால், விசாரணை முடியும்வரை நடக்கும் ஒரு காப்புரிமை வழக்கின் செலவு அங்குப் பத்து இலட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். நியாயம் தம் பக்கமே இருந்தாலும், அறிவுள்ள எவரும் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஏழ்மை இங்குக் கேடயமாகவில்லை. எதிர்த்து நிற்க வழியில்லாத நிலையே இந்த வணிகத்தின் முதலாயிற்று.

இது ஓரிரு நிகழ்ச்சிகளைக் கொண்டு சொல்வதன்று. அப்போது சாண்டா கிளாரா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்த கொலீன் சியன் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வகை வழக்குகளில் சிக்கிய நிறுவனங்களில் குறைந்தது 55 விழுக்காடு, ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்கும் குறைந்தவை. நூறு விதையில் இரண்டு முளைத்தால் போதும் என்ற உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது சிறு சேதமாகத் தோன்றலாம். தன் ஒரே விதையை நட்டவருக்கு அப்படித் தோன்றாது.

நற்குணத்தை நம்பிய மருந்து

2011 ஆகஸ்டில் கிரகாமே ஒரு தீர்வை முன்வைத்தார். 25 பேருக்குக் குறைவான ஆட்கள் பணிபுரியும் நிறுவனங்கள்மீது மென்பொருள் காப்புரிமையை முதலில் பிரயோகிப்பதில்லை என்று பெரிய நிறுவனங்கள் பகிரங்கமாக உறுதி கூற வேண்டும் என்றார். சட்டம் தேவையில்லை, சொன்ன சொல்லே போதும் என்பது அவர் நம்பிக்கை. சில நிறுவனங்கள் உறுதி கூறவும் செய்தன. நல்ல எண்ணந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், நற்பெயரை இழக்க அஞ்சுபவரைத்தான் சொல் கட்டுப்படுத்தும். டிராலுக்கு நிரலாளர்கள் தேவையில்லை, வாடிக்கையாளர்கள் தேவையில்லை, நற்பெயரும் தேவையில்லை. அத்தகையோரை இவ்வுறுதிமொழி தடுக்காது என்பதைக் கிரகாமே ஒப்புக்கொண்டார். அப்படியானால், இந்த மருந்து நோய் இல்லாதவருக்கே வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில் நிலைமையை ஓரளவு மாற்றியவை பழைய வழிகளே: சட்டமும் நீதிமன்றமும். 2011-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2012 செப்டம்பர் முதல், தகுதியற்ற காப்புரிமையை எதிர்த்துக் காப்புரிமை அலுவலகத்திலேயே முறையிடலாம். நீதிமன்றச் செலவைவிட அது குறைவு. 2014 சூன் 19-ஆம் நாள் ‘ஆலிஸ்’ என்ற நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு தீர்ப்பு வழங்கியது. இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலில் நம்பகமான மூன்றாமவர் இடைநின்று தீர்த்து வைப்பது பழைய வணிக வழக்கம். அதையே கணிப்பொறியில் செய்வதாகச் சொல்லிவிட்டால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்றனர் நீதிபதிகள். அதன்பின் பல மென்பொருள் காப்புரிமைகள் நீதிமன்றங்களில் சரிந்தன. தகுதியற்ற காப்புரிமைகளே நோயின் வேர் என்ற கிரகாமின் இரண்டாவது கூற்றை இத்தீர்ப்பு மெய்ப்பித்தது. ஆனால், வேரை அறுத்தது தொழிலதிபர்களின் நற்குணம் அன்று.

வேறு நாடுகள் வேறு வழி சென்றன. ஐரோப்பிய நாடாளுமன்றம் மென்பொருள் காப்புரிமை பற்றிய சட்ட முன்வரைவை 2005 சூலை 6-ஆம் நாள் 648-க்கு 14 என்ற வாக்குகளில் தள்ளிவிட்டது. இந்தியாவில் ‘கணிப்பொறி நிரல் தன்னளவில்’ கண்டுபிடிப்பு ஆகாது என்று 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. 2004 இறுதியில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்த முயன்றது. 2005-இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. எனினும், ‘தன்னளவில்’ என்ற அந்த ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்பது நம் நாட்டிலும் தொடர்ந்து வாதிடப்படும் கேள்வியே. இங்கும் சிக்கல் வேலியைப் பற்றியதுதான்.

முடிவாக

கிரகாமின் கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெளிவான சிந்தனைக்கும் துணிவான பேச்சுக்கும் அது நல்ல எடுத்துக்காட்டு. காப்புரிமையை எண்ணி அஞ்சி உட்கார்ந்திராமல் மக்களுக்குப் பயன்படும் பொருளைச் செய்வதில் முனையுங்கள் என்ற அவருடைய அறிவுரையை எந்த மாணவரும் ஏற்கலாம். இளம் நிறுவனங்களுள் பெரும்பாலானவை வழக்கால் மடிவதில்லை. யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்ததால் மடிகின்றன. இது உண்மை.

ஆனால், ‘எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை’ என்று வென்றவர்கள் கூறும்போது, தோற்றவர்கள் அங்குப் பேசுவதற்கு இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். அச்சுறுத்தும் கடிதத்தைக் கண்டு, ஒரு நல்ல வசதியைத் தன் நிரலிலிருந்து நீக்கிவிட்ட இளைஞரின் பெயர் எந்த வழக்கேட்டிலும் பதிவாவதில்லை. அந்த வசதி இல்லாமற் போனதை நாமும் அறிவதில்லை.

காப்புரிமை வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதற்கு முன், ஒவ்வொரு காப்புரிமையிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிக்கார்டின் வளைதண்டைப் பார்த்து வாட் ஒதுங்கிச் சென்றதுபோல், இதைப் படித்துவிட்டு ஒரு சாதாரண நிரலாளர் விலகிச் செல்ல முடியுமா? முடியும் என்றால், அது மதிக்கத்தக்க வேலி. முடியாது என்றால், அது வேலியன்று. புல் மூடிய பள்ளம். பள்ளத்தை வெட்டியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், அதை மூட வேண்டியது ஊராரின் கடமை.